பலேர்மோவில் கூடுமிடம்

இல்லை தம்பி, நான் வர முடியாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்து, "ஐயா, உங்கட பிள்ளையள் உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவை" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டீர்கள். கப்பல் வந்து நிற்கிற இந்த இத்தாலி ஊரில் என்னை ஒருவர் தமிழில் ஐயா என்பார் என்று நான் நினைக்கவே இல்லை. யாழ்ப்பாணமா? இங்கேயே குடும்பத்தோடு இருக்கிறீர்களா? நல்லது. உட்காருங்கள். பெஞ்சு உறுதியாகத்தான் இருக்கிறது. காலையிலேயே ஆட்டிப் பார்த்துவிட்டேன்.

நான் இங்கிருந்து நகரக் கூடாது. ஏனென்றால் நான்தான் கூடுமிடம்.

விளங்கவில்லையா? ஒரு கட்டிடத்தில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்து ஓர் இடத்தில் சேர வேண்டும். அதுதான் கூடுமிடம். அங்கே ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வருவார்கள். அவரே டீ குடிக்கப் போய்விட்டால் எல்லாம் போயிற்று. என் பெயர் வேலாயுதம். கோவில்பட்டியில் தீயணைப்பு நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் தீயை அணைத்ததைவிட ஒத்திகை நடத்தியதுதான் அதிகம். பள்ளிக்கூடம், தீப்பெட்டி ஆபீஸ், நூற்பாலை எதையும் விட்டதில்லை. ஒரு தடவை சினிமா தியேட்டரில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடத்தினேன். ஒருவர்கூட எழுந்து வரவில்லை. "தீப்பிடிச்சா வாரோம் சார், இப்ப மறைக்காதீங்க" என்றார்கள். அதை விடுங்கள்.

அவர்களை எங்கே விட்டதாகச் சொன்னீர்கள்? மொண்டெல்லோ கடற்கரையா? என் திட்டத்தில் கடற்கரையே கிடையாது. என் மனைவி, மகள், மருமகன், மகன், மருமகள், ஐந்து பேரையும் நீங்கள்தான் கொண்டுபோய் விட்டீர்களா? சாப்பாடு சொல்லிவிட்டு எனக்காகக் காத்திருக்கிறார்களா? ஒரே மேசையிலா? நன்றாகப் பார்த்தீர்களா, என் மகளும் மகனும் ஒரே மேசையிலா?

அந்த ஒரு மேசைக்காகத்தான் தம்பி நான் இவ்வளவு பாடுபட்டேன்.

மகள் சங்கரி மூத்தவள். மான்செஸ்டரில் இருக்கிறாள். மகன் மகாராஜன் பெங்களூரில். இரண்டு பேரும் பேசி நான்கு வருடம் ஆகிறது. காரணம் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஒரு முடிச்சு. உங்கள் பக்கம் எப்படியோ, எங்கள் பக்கம் மாப்பிள்ளை தாலிக்கு முதல் முடிச்சைத்தான் போடுவான். மற்ற இரண்டையும் அவனுடன் பிறந்தவள் போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்போம். மகாராஜன் கல்யாணத்தில் அதைப் போட சங்கரி லீவு எடுத்து, விமானம் பிடித்து, அதற்கென்றே பட்டு எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் அவள் மணவறையில் இல்லை. என் தம்பி மகள் போட்டுவிட்டாள்.

எங்கே போனாள் என்கிறீர்களா? எங்கும் போகவில்லை. மண்டபத்தின் கிழக்கு வாசலில், நான் மணல் நிரப்பி வைத்திருந்த தீ வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான்தான் நிற்க வைத்தேன். தம்பி, நீங்களே யோசித்துப் பாருங்கள். ஹோமகுண்டம் எரிகிறது. பக்கத்தில் திறந்த நெய். கற்பூரத் தட்டு. அதைச் சுற்றி அத்தனை பேர் நெருக்கிக்கொண்டு. சங்கரியின் முந்தானை தீக்கு ஒரு முழம் தள்ளி ஆடுகிறது. நான் சும்மா இருக்க முடியுமா? கூட்டத்தை ஒழுங்குபடுத்தினேன். "நீ அந்த வாசல் பக்கம் போய் நில்லு, நான் கூப்பிடும்போது வா" என்றேன். கூப்பிடுவதற்குள் மேளம் கொட்டிவிட்டார்கள். அது மேளக்காரர்கள் அவசரம். எப்படியோ அந்தக் கல்யாணத்தில் ஒரு விபத்து இல்லை. இதற்காக ஒருவர்கூட என்னிடம் நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் சங்கரி என்ன நினைத்தாள்? தம்பிதான் வேண்டுமென்றே சித்தப்பா மகளைக் கூப்பிட்டுவிட்டான் என்று நினைத்தாள். மகாராஜன் என்ன நினைத்தான்? பெண் பிடிக்காமல் அக்கா முறுக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தான். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் அது பேச்சாகிவிடுமே! இப்படி அற்ப விஷயத்துக்குப் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு நான் என்ன செய்ய முடியும்?

என் மனைவி கோமதிக்கு அன்றிலிருந்து ஒரே பேச்சுத்தான். "ரெண்டும் என் கண்ணு முன்னாடி பேசிக்கிட்டாப் போதும். வேற எதுவும் வேண்டாம்." பொங்கலுக்கு ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார். கடைசியில் மருமகன் முகுந்தன்தான் இந்தக் கப்பல் யோசனையைச் சொன்னார். "யாரு வீட்டுக்கு யாரு போறதுங்கிற பிரச்சினையே இல்ல மாமா. கப்பல்னா கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போகவும் முடியாது" என்றார். நல்ல பிள்ளை. எனக்குப் பலேர்மோ நாளை ஒதுக்கினார். "இறங்கிச் சுத்திப் பாக்குறதை நீங்க திட்டம் போடுங்க மாமா. அதுல அவங்களச் சேத்து வச்சிருங்க."

சேர்த்து வைப்பது என்றால் எப்படி? வாயால் சொன்னால் நடக்காது. ஒத்திகை வேண்டும்.

நான் இந்த ஊர் வரைபடத்தை எடுத்துப் படித்தேன். பிறகு கோவில்பட்டியைப் பலேர்மோவாக மாற்றினேன். சிரிக்காதீர்கள். பேருந்து நிலையம்தான் கப்பல். செண்பகவல்லி அம்மன் கோவில்தான் இந்த ஊர் பெரிய தேவாலயம். மார்க்கெட்டுக்கு மார்க்கெட். கடலை மாவைப் பொரித்து ரொட்டிக்குள் வைத்து இந்த ஊரில் விற்கிறார்களாமே, அந்தக் கடைக்கு எங்கள் தெருமுனை பஜ்ஜிக் கடை. அங்கேதான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. அக்காவும் தம்பியும் எதிரெதிராக உட்கார வேண்டும். உப்பு மகாராஜன் பக்கம் இருக்கும். தண்ணீர் சங்கரி பக்கம். உப்பு வேண்டுமென்றால் இவள் கேட்க வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் அவன் கேட்க வேண்டும். மற்றவர்கள் நாங்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்போம். யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எவ்வளவு நேரம் ஒரு மனிதன் உப்பில்லாமலும் தண்ணீர் இல்லாமலும் தாக்குப்பிடிப்பான்?

பிள்ளைகள் ஊரில் இல்லையே, ஒத்திகைக்கு யாரை வைப்பது? பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயை சங்கரியாகப் போட்டேன். என்னிடம் வண்டி ஓட்டிய சுடலைமணியை மகாராஜனாகப் போட்டேன். "நீங்கள் நான்கு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை, நினைவிருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். ஒத்திகை என்றால் நிஜம்போல இருக்க வேண்டும். கல்யாண விஷயத்தையும் விளக்கினேன், பின்னணி தெரிய வேண்டும் அல்லவா?

முதல் வாரம் கூச்சப்பட்டார்கள். இரண்டாவது வாரம் பொன்னுத்தாய் சுடலைமணியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நன்றாகச் செய்கிறாள் என்று பாராட்டினேன். மூன்றாவது வாரம் பஜ்ஜிக் கடையில் அவள் உப்பைக் கேட்கவே மறுத்துவிட்டாள்.

"கேளும்மா" என்றேன்.

"நான் உப்பில்லாமலே தின்னுட்டுப் போறேன். அந்தாளுட்டக் கேக்க மாட்டேன்."

"ஒத்திகைதானே பொன்னுத்தாய்."

"ஒத்திகையோ என்னமோ. கூடப்பொறந்தவளை விட்டுட்டு வேற எவளையோ முடிச்சுப் போட வச்சவருட்ட எனக்கு என்ன பேச்சு?"

சுடலைமணி எழுந்துவிட்டான். "ஏ தாயி, நான் எங்க வச்சேன்? நீதான முறுக்கிக்கிட்டுப் போய் வாசல்ல நின்ன?"

"நான் போய் நின்னனா? என்னய நிக்க வச்சாக!"

"யாரு நிக்க வச்சா?"

பொன்னுத்தாய் என்னைப் பார்த்தாள். சுடலைமணியும் என்னைப் பார்த்தான். பஜ்ஜிக் கடைக்காரனும் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தான். ஒத்திகை கைமீறிப் போகிறது என்று தெரிந்துகொண்டு நான் விசில் ஊதி நிறுத்திவிட்டேன். அந்த இரண்டு பேரும் இன்றுவரை பேசுவதில்லை. சுடலைமணி தெருவுக்குள் வந்தால் பொன்னுத்தாய் கதவைச் சாத்துகிறாள். ஒத்திகையை எவ்வளவு தத்ரூபமாக நடத்தினேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

கோமதி மட்டும் ஒத்திகைக்கு ஒழுங்காக வந்தாள். சொன்ன இடத்தில் நிற்பாள். ஒரு நாள் கோவில் வாசலில், அதாவது தேவாலய வாசலில், "பலேர்மோவுல கடல் இருக்காங்க?" என்று கேட்டாள். "கப்பல் நிற்கிற ஊரில் கடல் இல்லாமல் இருக்குமா?" என்றேன். "காலை நனைக்க முடியுமா?" என்றாள். திட்டத்தில் அதற்கு இடமில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தலையாட்டினாள். அவளுக்கு எல்லாம் சொன்னால் புரியும்.

பிறகு கப்பல் ஏறினோம். ஏறிய அன்றே ஒத்திகை வைத்தார்கள் தம்பி! இத்தனை ஆயிரம் ஜனங்களுக்கு! மணி அடித்தது. எல்லோரும் அவரவர் கூடுமிடத்துக்குப் போனார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. உயிர்காப்பு அங்கியை எப்படி மாட்டுவது என்று ஒரு பெண் செய்துகாட்டினாள். என்ன கச்சிதம்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோமதி என்னைப் பார்த்து, "மகன் கல்யாணத்துக்குக்கூட நீங்க அழலையே" என்றாள். கல்யாணத்தில் எனக்கு ஏது நேரம்?

கப்பலில் பிள்ளைகள் பழையபடிதான். சங்கரி சாப்பிட வந்தால் மகாராஜன் தட்டோடு மேல்தளத்துக்குப் போய்விடுவான். லிஃப்டில் அவன் இருந்தால் இவள் படியில் ஏறுவாள். கோமதி இரண்டு பேருக்கும் நடுவில் போய்ப்போய் வந்தாள். ஒருவரிடம் தோசை நன்றாக இல்லை என்றாள், மற்றவரிடம் காற்று நன்றாக இருக்கிறது என்றாள். அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது. நான் சொன்னேன்: "பலேர்மோ வரட்டும்."

நேற்று சாயங்காலம் கப்பலில் எல்லோரையும் கூட்டித் திட்டத்தை விளக்கினேன். யார் யாருக்குப் பின்னால் நடக்க வேண்டும், எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், கூட்டத்தில் பிரிந்துவிட்டால் இந்தப் பெஞ்சுக்கு எப்படி வர வேண்டும், எல்லாம். உப்பு விஷயத்தை மட்டும் மறைத்தேன். இடையில் சங்கரி கை தூக்கினாள். "அப்பா, பாத்ரூம் போகணும்னா?" என்றாள். இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும் என்றேன். மகாராஜன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. சங்கரி அதைப் பார்த்தாள். அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இருமல் போலிருக்கிறது, கப்பலில் குளிர் அதிகம்.

இன்று காலை நான் பெஞ்சைச் சரிபார்க்க முன்னதாக இறங்குவதற்காகப் படியருகே போனேன். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள். யார் என்கிறீர்கள்? சங்கரியும் மகாராஜனும்! பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஒட்டுக்கேட்க அல்ல, நிலைமையை மதிப்பிட.

"அன்னைக்கு என்னய வாசல்ல போய் நிக்கச் சொன்னதே அப்பாதான்டா."

"நெசமாவாக்கா? நீயாப் போயிட்டன்னுல்லா நான் நெனச்சேன்!"

"நீதான் அவளைக் கூப்பிட்டன்னு நான் நெனச்சேன்."

"அப்பாவா! வாசல்லயா!" என்றான் மகாராஜன். "தீ வாளிக்குப் பக்கத்துலயா?"

அவ்வளவுதான். இரண்டு பேரும் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அப்படி ஒரு சிரிப்பு. ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு. பிறகு சங்கரி அழுதாள். அவன் துண்டைக் கொடுத்தான். நான் வெளியே வந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

பாருங்கள், உப்புகூடத் தேவைப்படவில்லை. திட்டத்தை விளக்கிய உடனேயே பலன். எதைப் பற்றிப் பேசினார்கள் என்பது முக்கியமில்லை தம்பி, பேசினார்களா இல்லையா என்பதுதான் முக்கியம். வாசல் பக்கம் நிற்கச் சொன்னது பாதுகாப்பு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பெருமை. கூடுமிடத்தில் கோமதியை உட்கார வைத்துவிட்டு நான் முன்னால் நடப்பதாகத்தான் திட்டம். சங்கரி வந்தாள். "அப்பா, கூடுமிடம்தான முக்கியம்? அம்மாவுக்கு அதுல என்ன அனுபவம் இருக்கு?" என்றாள்.

"ஆமாப்பா. அக்கா சொல்றது சரிதான்" என்றான் மகாராஜன்.

அக்கா சொல்றது சரிதான்! நான்கு வருடத்தில் அவன் வாயில் இந்த வார்த்தை வந்து கேட்டதில்லை. நான் எப்படி மறுக்க முடியும்? "அப்படியானால் என் இடத்தை நீங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். "பாத்துக்கிடுதோம்ப்பா" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். கோமதி புதுச் செருப்பு போட்டிருந்தாள். "நீங்க இருங்க, வந்துருதோம்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நெகிழ்ந்திருப்பாள்.

அப்போதிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஆரஞ்சு அங்கியை ஊரிலிருந்தே கொண்டுவந்தேன், தூரத்திலிருந்து தெரியும். தெரிந்ததற்குச் சாட்சி இருக்கிறது. எங்கள் கப்பலில் வந்த வெள்ளைக்காரப் பாட்டிகள் ஒரு கூட்டம் வந்து என் முன்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். வந்தவர்களை விரட்டக் கூடாது. நிழலில் நிறுத்தினேன். ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் இடைவெளி விட வைத்தேன். ஒரு அம்மாள் பிஸ்கட் கொடுத்தாள். நெடுநேரம் கழித்து அவர்களுடைய வழிகாட்டிப் பையன் ஓடி வந்து, என்னைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்திவிட்டுக் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது பாட்டிகள் எனக்கு டாட்டா காட்டினார்கள்.

ஆக, விஷயம் இதுதான். நான் உங்களோடு வந்துவிட்டால், வழியில் யாராவது தவறிவிட்டால், எங்கே வருவார்கள்? இங்கே வருவார்கள். இங்கே நான் இல்லை என்றால்? நீங்கள் கொஞ்சம் இந்த அங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார முடியுமென்றால் நான் போய்வருவேன். ஆனால் நீங்கள் உட்கார்ந்தால் வண்டியை யார் ஓட்டுவது? பார்த்தீர்களா, அதில்தான் சிக்கல்.

உங்கள் போன் அடிக்கிறது. எடுங்கள். எனக்கா? என்னுடையதை அணைத்து வைத்திருக்கிறேன், ஒத்திகையில் போன் கூடாது. கொடுங்கள்.

கோமதியா? ... ஆமாம், பெஞ்சில்தான். ... அது எப்படி முடியும்? ... யார் உத்தரவு? ... நீயா? ... காலை நனைத்தாயா? எதுவரை? முழங்கால் வரையா! அலை எப்படி இருக்கிறது? ... அது என்ன சத்தம்? ... கோமதி? ... சரி. ... சரி.

வைத்துவிட்டாள்.

என்ன சொன்னாள் தெரியுமா? "கூடுற எடத்தை மாத்தியாச்சு. இனிமே அது இங்க. உத்தரவு நான் போட்டது. நீங்க வந்தாத்தான் நான் சாப்பிடுவேன், வாங்க" என்கிறாள். இந்த நாற்பது வருடத்தில் அவள் உத்தரவு என்று ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. களத்தில் இருப்பவர் கூடுமிடத்தை மாற்றலாம், விதியில் அதற்கு இடம் இருக்கிறது. அப்படியென்றால் இந்தப் பெஞ்சு இப்போது வெறும் பெஞ்சுதான். அவள் சிரித்துக்கொண்டே பேசினாள் தம்பி. தண்ணீரில் நின்றுகொண்டு பேசுகிறாள், எனக்கு அவள் குரலே அடையாளம் தெரியவில்லை.

பின்னால் ஒரே கூச்சல். "ஏ எருமை, என் தட்டுல ஏன்லே கை வைக்க?" என்று சங்கரி கத்துகிறாள். "போக்கா, நீ மட்டும் சின்ன வயசுல என் முட்டையத் தின்னல?" என்று மகாராஜன் கத்துகிறான். என்ன அங்கே என்று கேட்டேன். "சும்மா இருங்க, சண்டை போடுதுக. போடட்டும். இதைக் கேக்கத்தான நாலு வருசமாக் காத்துக் கெடந்தேன்" என்றாள்.

போடட்டுமாம். பாவம், அவளுக்கு இதில் என்ன அனுபவம் இருக்கிறது? இதையெல்லாம் பொறியாக இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும். முதலில் இரண்டு பேரையும் எழுப்பி, ஆளுக்கு ஒரு மேசையில் உட்கார வைக்க வேண்டும். நல்ல வேளை, நீங்கள் வண்டியோடு வந்தீர்கள். ஏறிவிட்டேன், கதவையும் சாத்திவிட்டேன். சீக்கிரம் எடுங்கள்.

எடுங்கள் தம்பி. ஏன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறீர்கள்?